ஏலமலைச் சாலை – 4: செல்ஃப் எடுக்காத ஜீப்புகள்

போன இதழில் முந்தல் சோதனைச் சாவடியோடு நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். ஆடி, ஆவணியில் தொடங்கும் ஏலக்காய் எடுப்பு தை வரை நீளும். அந்த மாதங்களில் பொழுது விடியும் முன்பே போடிநாயக்கனூரிலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் ஜீப்புகள் சாரை சாரையாக மேலே ஏறும். உள்ளே தூக்குவாளியை மடியில் இறுக்கிக்கொண்டு பெண்கள், பின்படியில் தொங்கிக்கொண்டு இரண்டு மூன்று பேர். எத்தனை பேரை ஏற்றுகிறார்கள் என்பது தனிக் கதை. பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று வண்டிகள் மேலே போய்ப் பிரிந்துவிடும்.

மலைக் குளிரில் காலையில் செல்ஃப் எடுக்காமல் ஜீப்புகள் படுத்துவது உண்டு. ஆனால் இந்தப் போடி ஜீப்புகளுக்குக் குளிர் ஒரு பொருட்டே இல்லை. அவை இரவு தூங்குவது மலையடிவாரத்தில். மார்கழியிலும் அங்கே ஒரு போர்வை போதும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. வண்டி அந்தக் குளிரைத் தொடும்போது எஞ்சின் நன்றாகச் சூடேறியிருக்கும்.

பாடு மேலேயே தங்கும் ஜீப்புகளுக்குத்தான். முக்கியமாகச் சூரியநெல்லியில். கொழுக்குமலை தேனி மாவட்டம் போடி வட்டத்தைச் சேர்ந்தது. ஆனாலும் வண்டிப் பாதை இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லி வழியாகத்தான் போகிறது. ஏழாயிரம் அடிக்கு மேல் இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் சூரிய உதயம் பார்க்க வேண்டுமானால் அதிகாலை நான்கு, நாலரைக்கெல்லாம் ஜீப்பில் ஏறியாக வேண்டும். அதாவது நாளிலேயே குளிர் மிகுந்த நேரத்தில், பனியில் நனைந்து நின்ற வண்டி முதல் தட்டிலேயே பிடித்துக்கொள்ள வேண்டும். சவாரிக்கு வந்தவர்கள் சால்வைக்குள்ளிருந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள்.

நாங்கள் போன வண்டி பழைய எம்எம் 540. ஓட்டுநருக்கு ஐம்பது வயதிருக்கும். சாவியைப் பாதி திருகிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். டாஷ்போர்டில் சுருள் வடிவத்தில் ஒரு ஆரஞ்சு விளக்கு. "என்னண்ணே, எடுக்கலையா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "ஹீட்டர் போட்டிருக்கு தம்பி, பொறுங்க" என்றார். பதினைந்து, இருபது விநாடி இருக்கும். பிறகு செல்ஃபைத் தட்டினார். முக்கிக்கொண்டு சுழன்ற எஞ்சின் உடம்பை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு, வெள்ளைப் புகை விட்டுப் பிடித்துக்கொண்டது.

டீசல் எஞ்சினில் தீப்பொறிக்குப் பிளக் கிடையாது. காற்றை இருபதில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்கினால் அது கடும் சூடாகும். அந்தச் சூட்டில் பீய்ச்சப்படும் டீசல் தானே பற்றிக்கொள்ளும். எம்எம் 540-இல் இருப்பது பிரான்ஸின் பெஜோ நிறுவன உரிமத்தில் மகிந்திரா இங்கே தயாரித்த எஞ்சின். அதில் டீசல் நேராகச் சிலிண்டருக்குள் விழாமல் பக்கத்திலுள்ள சின்ன அறைக்குள் விழுகிறது. இரவெல்லாம் சில்லிட்டுக் கிடந்த அறைச் சுவர், காற்றின் சூட்டை உறிஞ்சிவிடும். அதனால்தான் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு ஹீட்டர் பிளக். பின்னால் வந்த டிஐ எஞ்சின்களில் டீசல் நேரே சிலிண்டருக்குள் பாய்வதால், இந்த ஊர்க் குளிருக்கு ஹீட்டர் இல்லாமலே எடுத்துவிடும்.

நான்கில் ஒரு ஹீட்டர் போனாலும் வண்டி எடுக்கும். கொஞ்ச நேரம் நடுங்கும், புகை கூடும். இரண்டு போனால்தான் தொல்லை. சூரியநெல்லியில் ஒரு மெக்கானிக் சோதித்த விதம் எளிமையானது. ஹீட்டரைக் கழற்றி அதன் உடம்பைப் பேட்டரியின் ஒரு முனையில் இடுக்கிக்கொண்டு, தலையை ஒரு வயரால் மறுமுனையோடு தொட்டார். நல்லதாக இருந்தால் சில விநாடிகளில் நுனி பழுத்துச் சிவக்கும். கறுப்பாகவே இருந்தால் தூக்கிப்போட வேண்டியதுதான்.

ஆனால் ஹீட்டரைவிடப் பெரிய காரணம் பேட்டரி. கடும் குளிரில் பேட்டரியின் உதைப்பு மூன்றில் ஒரு பங்கு வரை குறைந்துபோகும். அதே வேளையில் ஆயில் கெட்டியாகி எஞ்சின் கூடுதல் பலம் கேட்கும். 20டபிள்யூ-40 ஆயிலை விட்டு 15டபிள்யூ-40-க்கு மாறினால் சுழற்சி லேசாகும். கொழுக்குமலை வண்டிகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பாதை பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டர்தான். ஆனால் கல்லும் குழியுமான அந்தத் தூரம் முழுக்க ஹெட்லைட் எரிய, முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்துதான் போக வேண்டும். எஞ்சின் வேகம் இல்லாததால் ஆல்டர்னேட்டர் போதுமான சார்ஜ் போடாது. போடி ஜீப் 17 வளைவும் உறுமிக்கொண்டே ஏறுவதில் அதன் பேட்டரி நிரம்பிவிடுகிறது.

அந்த மெக்கானிக் பட்டறையில் ஒரு வண்டியின் பேட்டரி முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வாசலின் தடவினார்கள். எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் இடையே ஓடும் எர்த் பட்டையைக் கழற்றினால் அடியில் துரு. அதைச் சுரண்டி முடுக்கியதும் செல்ஃப் சுறுசுறுப்பாகச் சுழன்றது. உரிமையாளர் புதுப் பேட்டரி வாங்கப் பணத்தோடு வந்திருந்தார்!

இன்னொன்று, ஏர் எடுப்பது. டீசல் குழாய் இணைப்பில் செப்பு வாஷர் தேய்ந்திருந்தால் இரவோடு இரவாக டீசல் டேங்குக்கே திரும்பி வழிந்து, லைனில் காற்று புகுந்துவிடும். காலையில் கைப்பம்பை அமுக்கி, ஸ்க்ரூவைத் தளர்த்தி நுரை போகும்வரை விட வேண்டும். சில ரூபாய் வாஷர்தான். ஆனால் அது தேய்ந்தால் விடியற்காலைச் சவாரியே போய்விடும்.

இதற்கெல்லாம் மலையோட்டிகளின் மாற்று ஏற்பாடு, இரவில் வண்டியை இறக்கம் பார்த்து நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் அண்டைக்கொடுத்து வைப்பது. செல்ஃப் ஏமாற்றினால் கல்லை எடுத்து, இரண்டாம் கியரில் உருட்டி, கிளட்சை விட்டால் எடுத்துக்கொள்ளும். புது வண்டிகளில் இந்த வித்தை பேட்டரி அடியோடு இறந்திருந்தால் பலிக்காது. கம்ப்யூட்டருக்கு மின்சாரம் இல்லாமல் டீசல் வராது.

"டீசலே உறைஞ்சு போச்சு" என்று சொல்பவர்களும் இங்கே உண்டு. லடாக்கில் அது நிஜம். அங்கே மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் கொண்டுவந்தது. மூணாறுப் பக்கத் தோட்டங்களில் ஜனவரியில் சில நாள் உறைபனி விழுவதும் உண்மைதான். ஆனால் குளிர் பூஜ்யத்தைத் தொடுவதே சில மணி நேரம். டேங்க் டீசல் அதற்குள் மெழுகு கட்டுவதில்லை. என்னைக் கேட்டால், ஏலமலையில் குளிர்மேல் போடும் பழியில் பெரும்பகுதி பராமரிப்புக்குச் சேர வேண்டியது.

எரியும் துணியைக் காற்றுக் குழாய் வாயில் காட்டி வண்டி எடுப்பவர்களை நானே பார்த்தேன். ஹீட்டர் உள்ள எஞ்சினில் ஈதர் ஸ்ப்ரே அடிப்பது அதைவிட மோசம். நேரம் தவறிப் பற்றி பிஸ்டனையே உடைத்துவிடும். இரண்டுமே வேண்டாம்.

சொந்த வண்டியில் மேலே போய்த் தங்க நினைப்பவர்கள் போடியிலேயே ஒரு பட்டறையில் பேட்டரியைச் சோதித்துவிடுங்கள். செல்ஃப் சுழலும்போது வோல்ட் 9.6-க்குக் கீழே இறங்கினால் மாற்றிவிட்டே ஏறுங்கள். அடுத்த இதழில் போடியின் ஏலக்காய் ஏல மையத்துக்குப் போவோம்.