பதினைந்து வயது மூப்பர்

பெங்களூருவில் ஒரு பேருந்து நிறுத்தத்தில் அந்த இரண்டு பையன்களையும் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, டை, மார்பில் சின்னதாக ஒரு கறுப்புப் பட்டை. பட்டையில் குடும்பப் பெயர் மட்டும், அதற்கு முன்னால் 'எல்டர்' என்ற சொல். தமிழ்க் கிறிஸ்தவர்கள் அதை மூப்பர் என்பார்கள். நான் அறிந்த மூப்பர்கள் எல்லாரும் நரைத்தவர்கள். ஊரில் ஒரு தகராறு என்றால் நடுவில் உட்கார்ந்து பேசித் தீர்க்கிறவர்கள். இந்த மூப்பருக்கு மீசை இன்னும் சரியாக அரும்பவில்லை. அம்மா இவனை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவாள் என்று பட்டையில் தேடினேன். அந்தப் பெயர் அங்கே இல்லை.

மார்மன் சபை என்று உலகம் அழைக்கும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் இளைஞர்கள் பதினெட்டு வயதில் ஊழியத்துக்குப் புறப்படலாம். இரண்டு ஆண்டுகள். எந்த நாடு, எந்த ஊர் என்பதைச் சபை முடிவு செய்யும். சம்பளம் கிடையாது. காலை ஆறரைக்கு எழ வேண்டும், இரவு பத்தரைக்கு விளக்கை அணைக்க வேண்டும். எங்கே போனாலும் கூட ஒரு துணை இருக்க வேண்டும். இயேசு தம் சீடர்களை இரண்டிரண்டு பேராக அனுப்பிய வழக்கம் அது. இதையெல்லாம் கேட்டபோது எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் 2019 பிப்ரவரி வரைக்கும் அவர்கள் வீட்டோடு தொலைபேசியில் பேச ஆண்டுக்கு இரண்டே நாட்கள்தான் இருந்தன என்பதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஒன்று கிறிஸ்துமஸ். மற்றது அன்னையர் தினம். இரண்டு ஆண்டுகளில் நான்கு முறை அம்மாவின் குரல். இப்போது வாரம் ஒருமுறை பேசலாம். அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தவர்கள் நன்றாக இருக்கட்டும்.

அன்னையர் தினத்தன்று பேச அம்மாவே இல்லாத ஒரு பையன் இருந்தால்? அப்படி யோசித்துக்கொண்டு போனதில்தான் ஜோசப் எஃப். ஸ்மித்தின் கதைக்கு வந்து சேர்ந்தேன். அவரை அவர் என்பதா, அவன் என்பதா என்று எனக்குத் தடுமாற்றம். பின்னாளில், 1901 முதல் 1918 வரை, அந்தச் சபைக்கே தலைவராக இருந்தவர். படங்களில் நெஞ்சுவரை வெண்தாடி. ஆனால் நான் சொல்ல வந்தது பதினைந்து வயதுப் பையனைப் பற்றி. அவனை அவன் என்றே சொல்கிறேன்.

அவனுக்கு ஐந்து வயதிருக்கும்போது, 1844இல், கார்த்தேஜ் சிறையில் ஒரு கும்பல் அவன் அப்பா ஹைரமையும் சபையை நிறுவிய சித்தப்பா ஜோசப் ஸ்மித்தையும் சுட்டுக் கொன்றது. 1848இல் அவன் அம்மா மேரி ஃபீல்டிங் ஸ்மித் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மாட்டுவண்டியில் பெருவெளிகளைக் கடந்து சால்ட் லேக் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தாள். ஒரு வண்டியை ஓட்டியவன் ஒன்பது வயது ஜோசப். நான்கு ஆண்டுகளில் அம்மாவும் போய்விட்டாள். மிஞ்சியவர்களில் அவன் உயிராக நினைத்தது தங்கை மார்த்தா ஆன். ஒருநாள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் தோல்வாரை எடுத்துத் தங்கையை அடிக்கப் போக, இவன் எழுந்து வேண்டாம் என்றான். ஆசிரியர் இவன் பக்கம் திரும்பினார். அடி வாங்கியது ஆசிரியர். அத்தோடு படிப்பு முடிந்தது. 1854 ஏப்ரலில் சபை மாநாட்டில், யாரும் முன்கூட்டிச் சொல்லாமலே, ஊழியத்துக்குப் போகிறவர்களின் பட்டியலில் அவன் பெயரும் வாசிக்கப்பட்டது. போக வேண்டிய இடம் ஹவாய்.

அம்மாவும் அப்பாவும் இல்லாத, கோபக்கார, படிப்பு நின்றுபோன ஒரு பையனை நடுக்கடலில் உள்ள தீவுகளுக்கு அனுப்புவது சரியா என்று என்னிடம் கேட்டால், சரியில்லை என்றுதான் சொல்வேன். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அவன் போனான். கலிபோர்னியாவில் கூரைக்குப் போடும் மரச்சில்லுகள் செய்து கப்பல் கூலிக்குக் காசு சேர்த்தான். செப்டம்பர் மாதக் கடைசியில் ஹொனலுலுவில் இறங்கினான். பதினாறு வயது நிறைய இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது.

அங்கே அவன் பெயர் மாறியது. ஹவாய் மொழியில் மெய்யில் முடியும் சொல் கிடையாது. எந்தச் சொல்லானாலும் ஓர் உயிரொலியில்தான் போய் நிற்கும். ஜகரமும் கிடையாது. ஆகவே ஜோசப் 'இயோசெபா' ஆனான். நாமும் அதைத்தானே செய்தோம்? பைபிளை மொழிபெயர்த்தவர்கள் யோசேப்பு என்று ஓர் உகரத்தைச் சேர்த்துப் பெயரைத் தரையிறக்கினார்கள். போர்ச்சுக்கீசியர் வழியாக வந்த அதே பெயர் கத்தோலிக்கர் வீடுகளில் சூசை ஆயிற்று. முஸ்லிம் வீடுகளில் யூசுப். பெயர் ஒருவருக்குச் சொந்தம் என்கிறோம், ஆனால் அதை உச்சரிக்கும் நாக்கு வேறொருவருடையது. அந்த நாக்குக்கு வசப்படும்படி பெயர் வளைந்துகொடுக்கும்போதுதான் ஆள் அந்த ஊருக்குள் வருகிறான். யோசேப்பு, இயோசெபா. மெதுவாக இரண்டையும் சொல்லிப் பாருங்கள். ஒரே வீட்டுப் பிள்ளைகள் போல இருக்கின்றன.

நூறு நாட்களில் ஹவாய் மொழியில் பிரசங்கம் செய்யும் அளவுக்கு வந்துவிட்டான். கடவுள் தந்த வரம் என்று கடைசிவரை சொன்னான். அவன் சொன்னதை நான் அப்படியே ஏற்கிறேன். அதோடு இன்னொன்றும் நடந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பசிக்கிற பையன் சோறு போடுகிறவர்களின் மொழியைச் சீக்கிரம் படித்துவிடுவான். அங்கே சோறு என்றால் 'பொய்'. பெயரைப் பார்த்துத் தயங்க வேண்டாம். நம் சேப்பங்கிழங்கேதான் அது. ஹவாய்க்காரர்கள் கிழங்கை வேகவைத்து, கல் உலக்கையால் மரப்பலகையில் இடித்து, நீர் தெளித்துப் பிசைந்து வைப்பார்கள். ஓரிரு நாளில் அது புளிக்கத் தொடங்கும். எல்லாரும் ஒரே கலத்தைச் சுற்றி உட்கார்ந்து விரலால் வழித்துச் சாப்பிடுவார்கள். கெட்டியாக இருந்தால் ஒரு விரல் போதும். நீர்த்திருந்தால் இரண்டு விரல், மூன்று விரல். கெட்டிப் பதத்தையும் அப்படியே விரல் கணக்கில்தான் சொல்வார்கள். பழைய சோற்றின் புளிப்பு தெரிந்த எனக்கு அந்தக் கலம் அந்நியமாகவே படவில்லை. வெளியிலிருந்து வந்தவர்களுக்கு அந்தக் கலத்தில் விரல் வைப்பதுதான் முதல் பரீட்சை.

ஊழியமும் அந்தக் கலத்தருகேதான் நிலைத்தது என்பது என் எண்ணம். 1850 டிசம்பரில் முதன்முதலில் ஹவாய்க்கு வந்த மார்மன் ஊழியர்கள் பத்துப் பேர். அங்கிருந்த வெள்ளைக்காரர்கள் காது கொடுக்கவில்லை என்று பாதிப்பேர் திரும்பிவிட்டார்கள். ஜார்ஜ் க்யூ. கேனன் என்ற இளைஞர் தங்கினார். ஹவாய்க்காரர்களின் மொழியைக் கற்று, அவர்களில் ஒருவரான ஜோனத்தன் நாபேலாவோடு உட்கார்ந்து மார்மன் புத்தகத்தை மொழிபெயர்த்தார். 1855இல் அது அச்சானது. ஏறத்தாழ அதே காலத்தில், 1853இல், ரிச்சர்டு பாலன்டைன் என்ற மார்மன் ஊழியர் நம் மதராசுக்கும் வந்திருக்கிறார். பெரும்பாலும் ஐரோப்பியர்களிடையே வேலை செய்துவிட்டு, ஓராண்டு போலத் தங்கித் திரும்பிவிட்டார். மதராசில் எந்த வீட்டுக் கிழவியாவது அவருக்கு ஒரு வேளை கஞ்சி ஊற்றியிருந்தால் அந்தக் கதை எப்படிப் போயிருக்குமோ!

ஜோசப்பின் வறுமைக்கு வருகிறேன். லானாய் தீவில் ஒரு வீடு தீப்பற்றியதில் அவன் பெட்டி எரிந்துபோனது. துணிமணி போயிற்று, எழுதிவந்த நாட்குறிப்புகளும் போயின. கொஞ்ச காலம் அவனுக்கும் துணைக்கும் சேர்த்து ஒரே ஓர் உடுப்பு. ஒருவன் அதைப் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போவான், மற்றவன் படுக்கையிலேயே கிடப்பான். அடுத்த முறை இவன் போவான், அவன் கிடப்பான். சபையின் சரித்திரத்தில் எத்தனையோ பெரிய விஷயங்கள் இருக்கின்றன. எனக்கு இதுதான் திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வருகிறது. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தூரத்தில் பாட்டுச் சத்தம் கேட்கக் கேட்க, தன் முறைக்காகக் காத்துக் கிடக்கும் பையன்.

இப்படிப்பட்ட நாட்களில் ஒருநாள் அவன் ஒரு கனவு கண்டான். எண்பது வயதை நெருங்கும்போது அதைச் சபையாருக்குச் சொல்லியிருக்கிறார். தான் எங்கேயோ அவசரமாகப் போய்க்கொண்டிருக்கிறான். கையில் கைக்குட்டையில் முடிந்த சின்ன மூட்டை. வழியில் ஒரு குளியலறை. நேரமாகிவிட்டது என்று தெரிந்தும் உள்ளே போய்க் குளிக்கிறான். மூட்டையைப் பிரித்தால் தூய வெள்ளை ஆடை. அதை உடுத்திக்கொண்டு ஓடிப்போய்க் கதவைத் தட்டுகிறான். திறப்பவர், சுட்டுக் கொல்லப்பட்ட சித்தப்பா ஜோசப். தாமதமாக வந்திருக்கிறாய் என்று கொஞ்சம் கடிந்துகொள்கிறார். ஆமாம், ஆனால் நான் சுத்தமாக இருக்கிறேன் என்கிறான் இவன். உள்ளே அப்பா இருக்கிறார். அம்மா மடியில் ஒரு குழந்தையோடு உட்கார்ந்திருக்கிறாள். அந்தக் குழந்தையை வாங்கிவரச் சொல்கிறார் சித்தப்பா. இவன் அம்மாவிடம் போய்க் குழந்தையை வாங்கிக் கொண்டுவந்து கொடுக்கிறான்.

விழித்தபோது ஹவாய் மலைகளில் ஒரு பாயில் கிடந்தான். அதன் பிறகு தான் சிறுவனாகவே இல்லை, மனிதர் எவருக்கும் அஞ்சியதில்லை என்று அவர் சொன்னதுண்டு. கனவிலிருந்து சபையார் எடுத்துக்கொள்வது சுத்தம் என்ற சொல்லை. நான் மூட்டையிலேயே நின்றுவிடுகிறேன். மாற்று உடுப்பு இல்லாத பையனின் கனவில் யாரோ ஒருவர் ஆடை மடித்துக் கைக்குட்டையில் முடிந்து கொடுத்திருக்கிறார். யார் கொடுத்தது என்று கனவு சொல்லவில்லை. வெளியூர் போகிற பிள்ளைக்கு மூட்டை கட்டுவது யார் வேலை என்று நமக்குத் தெரியும்.

தீவுகளில் ஒன்றில் அவன் காய்ச்சலில் விழுந்தான். மனுஹீ என்ற ஹவாய்ப் பெண் அவனைத் தன் வீட்டில் சேர்த்து, தன் பிள்ளை போலப் பார்த்துக்கொண்டாள். அவளைப் பற்றி நான் படித்த இடங்களிலெல்லாம் இதற்கு ஒன்றிரண்டு வரிகள்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. போதாததற்குக் காரணம் என் காய்ச்சல்.

எனக்கு இருபத்திரண்டு வயது. ரத்னகிரியில் முதல் வேலை. மராட்டியில் பத்து வார்த்தைகூடத் தெரியாது. மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து மூன்று நாள் கதவைத் திறக்கவில்லை. நான்காம் நாள் பக்கத்து வீட்டு அம்மாள் கதவைத் தட்டி உள்ளே வந்தார். ஒரு பித்தளைப் பாத்திரத்தில் 'பேஜ்', அதாவது குழைய வெந்த அரிசிக் கஞ்சி. ஓரத்தில் நார்த்தங்காய் போல ஏதோ ஓர் ஊறுகாய். என் பெயரைக் கேட்டுக்கொண்டார். என் பெயரின் ழகரம் அவர் நாக்கில் ளகரமாகத்தான் வந்தது. நான் அதைத் திருத்தவில்லை. ஊர்க்காரர்கள் எல்லாரும் தாயை அழைக்கும் சொல்லால் அவரை 'ஆயி' என்றேன். கூப்பிட்ட பிறகுதான் அது நம் சொல்லும்கூட என்று உறைத்தது. ஆய், யாய், தாய். ஒன்பது நாள் கஞ்சி வந்தது. பாத்திரத்தின் விளிம்பில் ஒரு நெளிவு இருந்தது, உதடு படும் இடத்தில் அது சரியாகப் பொருந்தும். என் வீட்டில் யாருக்கும் காய்ச்சலைப் பற்றி எழுதவில்லை. எழுதியிருந்தால் அம்மா ரயில் ஏறியிருப்பாள். பிறகு மாற்றலாகி வந்துவிட்டேன். திரும்பிப் போய் ஆயியைப் பார்க்கவே இல்லை.

ஜோசப் போனார். 1857இல் ஊழியர்களைத் திருப்பி அழைத்தபோது அவருக்கு வயது பத்தொன்பதுகூட ஆகவில்லை. பிறகும் பல முறை ஹவாய்க்குப் போய்வந்தார். ஹவாயிலிருந்து வந்து யூட்டாவில் குடியேறிய மார்மன்கள் 1889இல் ஸ்கல் வேலி என்ற வறண்ட பள்ளத்தாக்கில் ஓர் ஊர் அமைத்து அதற்கு இயோசெபா என்றே பெயர் வைத்தார்கள். பின்னர் ஹவாயிலேயே லாயியேயில் சபையின் ஆலயம் எழும்புகிறது என்றதும் அவர்கள் திரும்பிப் போக, 1917வாக்கில் அந்த ஊர் வெறிச்சோடிப்போனது. அங்கே இப்போதும் ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது.

சபைத் தலைவரான பிறகு அவர் ஹொனலுலுவில் இறங்கிய ஒரு நாளைக் கூடப்போன சார்லஸ் நிப்லி எழுதி வைத்திருக்கிறார். கப்பல் துறையில் பெருங்கூட்டம், வாத்தியங்கள். வந்தவர்களின் கழுத்தில் மாலை மாலையாகப் பூக்கள். அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு கிழவியை யாரோ கைப்பிடித்து அழைத்து வருகிறார்கள். தொண்ணூறு வயதிருக்கும், கண் தெரியாது. கையில் நல்லதாகப் பொறுக்கியெடுத்த சில வாழைப்பழங்கள். அவளால் கொண்டுவர முடிந்தது அவ்வளவுதான். பிள்ளையைப் பார்க்க வெறுங்கையோடு வர அவளுக்கு மனசில்லை. 'இயோசெபா, இயோசெபா' என்று கூப்பிட்டுக்கொண்டே வருகிறாள்.

கண் தெரிந்திருந்தால் அவளுக்கு அவரை அடையாளம் தெரிந்திருக்குமா என்று யோசித்துப் பார்க்கிறேன். அவள் வளர்த்தது தாடி முளைக்காத பையனை. துறையில் நின்றதோ வெண்தாடிக் கிழவர், ஒரு சபைக்கே மூப்பர். அவர் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டார், முத்தமிட்டார், தலையைத் தடவினார், அம்மா அம்மா என்றார். கண்ணீரோடு நிப்லியின் பக்கம் திரும்பி, யாருமில்லாத பையனாக நோயில் கிடந்தபோது இவள்தான் என்னை எடுத்து வைத்துப் பார்த்தாள் என்று சொன்னார். அந்த வாழைப்பழங்கள் என்னவாயின என்று நிப்லி எழுதியிருக்கலாம்.