குறவஞ்சி மண்ணில் பெத்லகேம் அரசர்

தென்காசி,
மார்கழி மாதம்.

அன்புள்ள நண்பருக்கு,

மாட்டுத் தொழுவத்தில் பிறந்த ஒருவரை ராஜாதி ராஜா என்று கிறிஸ்தவர்கள் பாடுகிறார்களே, இந்த இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று போன கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். அந்தக் கேள்வியோடு ஊர் சுற்றுகிறவருக்குத் தென்காசியும் குற்றாலமும் நிறையவே பதில் வைத்திருக்கின்றன. அரசர் ஒருவர் பின்னால் வரப்போகிறவர்களை நோக்கிப் பணிந்த கல்வெட்டு இங்கே இருக்கிறது. தலைவன் உலா வரக் குறத்தி குறி சொல்லும் குறவஞ்சி வகையின் சிறந்த நூல் இங்கேதான் பிறந்தது. அந்த வகையை எடுத்துப் பெத்லகேமில் பிறந்தவருக்குச் சூட்டிய கவிஞரும் பழைய திருநெல்வேலிச் சீமைக்காரர்.

முதலில் ஊர் நிலவரம். கார்த்திகை பிறந்ததிலிருந்து குற்றாலம் மாலை போட்டவர்களின் ஊராகிவிட்டது. கறுப்பு வேட்டியும் துளசி மணியுமாகப் பேரருவியில் குளித்துவிட்டு, செங்கோட்டை வழியாக ஆரியங்காவுக்கும் சபரிமலைக்கும் சாமிமார்கள் வண்டி ஏறுகிறார்கள். அதே நாட்களில் பாவூர்சத்திரம், சுரண்டை பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளின் வாசலில் காகித நட்சத்திரங்கள் ஏறுகின்றன. சபை இளைஞர்கள் இரவில் வீடு வீடாகக் கேரல் பாடிப் போகிறார்கள். கத்தோலிக்கக் கோயில்களில் குடில் கட்டுகிறார்கள். வைக்கோல், சாக்கு, மூங்கில், மண் எல்லாம் வந்து இறங்குகின்றன. மாடும் கழுதையும் ஆடும் தத்தம் இடத்தில் நிற்கும். குழந்தையின் சொரூபம் மட்டும் டிசம்பர் 24 நள்ளிரவுத் திருப்பலிக்காகக் காத்திருக்கும்.

குடிலில் ஒருபுறம் இடையர்கள், மறுபுறம் கிழக்கிலிருந்து வந்த ஞானிகள். இந்த இரு கூட்டத்தையும் ஒரே கூரையின் கீழ் நிறுத்தியது பிற்காலத்தாரின் பக்தி. லூக்கா எழுதிய நற்செய்தியில் இடையர்கள் மட்டும் வருகிறார்கள். மத்தேயுவில் ஞானிகள் மட்டும் வருகிறார்கள். அவர்கள் மூன்று பேர் என்றோ, அரசர்கள் என்றோ மத்தேயு எழுதவில்லை. ஆனால் இரண்டு நற்செய்தியாளர்களும் பிறப்பைச் சொல்லும்போதே ஓர் அரசரின் பெயரையும் சொல்லிவிடுகிறார்கள். உங்கள் கேள்விக்கான பதில் அங்கே தொடங்குகிறது.

லூக்கா சொல்லும் பெயர் அகுஸ்து. உரோமைப் பேரரசர் குடிமக்களைக் கணக்கெடுக்க ஆணையிடுகிறார். நாசரேத்துத் தச்சர் சூசை கருவுற்ற மரியாளோடு பெத்லகேமுக்கு நடக்கிறார். தங்க இடமில்லாமல் பிள்ளையை மாட்டுக்குத் தீனி வைக்கும் முன்னணையில் கிடத்துகிறார்கள். இன்றைய துருக்கியில் உள்ள பிரியேனே என்ற பழைய நகரத்தில் கிடைத்த கல்வெட்டு ஒன்று, கி.மு. 9ஆம் ஆண்டைச் சேர்ந்தது, இதே அகுஸ்துவின் பிறந்தநாளை உலகுக்கு நற்செய்தியின் தொடக்கம் என்று புகழ்கிறது; போரை நிறுத்தி ஒழுங்கு தந்த இரட்சகர் என்று அவரைப் போற்றுகிறது. நற்செய்தி, இரட்சகர், சமாதானம் என்னும் அந்த அரசவைச் சொற்களையே லூக்கா எடுத்துக்கொள்கிறார். எடுத்து, வயல்வெளியில் கிடை காத்துக்கொண்டிருந்த இடையர்களுக்குத் தேவதூதன் அறிவிப்பதாக எழுதுகிறார். எந்தப் பேரரசரும் தம் பிறப்பை முதலில் அவர்களுக்குச் சொல்லி அனுப்பியதில்லை.

மத்தேயு சொல்லும் பெயர் ஏரோது. எருசலேம் ஆலயத்தைப் பெரிதாக எடுத்துக் கட்டியவர். பெத்லகேமிலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில் தம் பெயராலேயே ஏரோதியம் என்ற மலைக்கோட்டையை எழுப்பியவர். யூதரின் அரசராகப் பிறந்தவர் எங்கே என்று ஞானிகள் அவருடைய ஊரில் வந்து கேட்டபோது அரண்மனை கலங்குகிறது. வேதபாரகர்கள் மீகா தீர்க்கதரிசியின் ஏட்டைப் பார்த்து, யூதாவின் சிற்றூரான பெத்லகேமில் என்று சரியாகவே சொல்கிறார்கள். சொன்னவர்களில் ஒருவரும் எழுந்து போகவில்லை. எருசலேமிலிருந்து பெத்லகேம் சுமார் 9 கிலோமீட்டர். தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு ஒருமுறை போய்த் திரும்பும் தூரம்தான். படித்தவர்களுக்கு இடம் தெரிந்திருந்தது. வெளிநாட்டாரும் இடையரும்தான் போய்ப் பார்த்தார்கள்.

இனி தென்காசிக் கோயிலுக்கு வாருங்கள். காசி விசுவநாதர் கோயிலைப் பராக்கிரம பாண்டியர் 1446இல் கட்டத் தொடங்கினார். மதுரையை இழந்த பாண்டியர்கள் இந்தத் தெற்கு மூலையில் ஆண்ட காலம் அது. ராஜகோபுர வாசலில் நுழைகிறவரைச் செங்கோட்டைக் கணவாயிலிருந்து வரும் காற்று பிடித்துத் தள்ளும். அந்தக் காற்றுக்காகவே சிறுவர்கள் அங்கே நின்று விளையாடுவார்கள். உள்ளே பாண்டியரின் தமிழ்ப் பாடல் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றில் அரசர் சொல்வதன் சாரம் இது: இந்தக் கோயிலுக்குப் பின்னாளில் ஏதேனும் குறை நேர்ந்து, அதைச் சரிசெய்து காப்பவர் யாராக இருந்தாலும் அவரை உலகறியப் பணிகிறேன். முடிசூடியவர், இன்னும் பிறக்காத, பெயர் தெரியாத ஒருவரின் காலில் விழுகிறார். குறையும் நேர்ந்தது, கோபுரம் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாக நின்றது. ஊரார் கூடி எடுத்துக் கட்டிய ஒன்பது நிலை ராஜகோபுரத்துக்கு 1990இல் குடமுழுக்கு நடந்தது. பாண்டியரின் வணக்கம் ஐந்து நூற்றாண்டு கடந்து அவர்களை வந்தடைந்தது.

அரசருக்குப் பணிவு அழகு என்பதைத் தமிழருக்கு யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. கிறிஸ்தவ நம்பிக்கை இதற்கும் ஒரு படி மேலே போகிறது. இங்கே பாண்டியர் தம் கடவுளுக்காகப் பணிந்தார். பெத்லகேமில் கடவுளே பணிந்தார் என்கிறது அந்த நம்பிக்கை. பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் சொல்வது இதைத்தான்: கடவுளின் வடிவில் இருந்தவர் தம்மை வெறுமையாக்கி, அடிமையின் கோலம் எடுத்து, சிலுவைச் சாவு வரை தாழ்ந்தார், ஆகவேதான் எல்லா நாமத்துக்கும் மேலான நாமம் அவருக்குக் கிடைத்தது. பவுலின் வரிசையில் தாழ்வுதான் உயர்வின் காரணம். பெத்லகேமில் இன்று நிற்கும் பிறப்பின் ஆலயத்தை முதலில் கட்டியது 4ஆம் நூற்றாண்டில் உரோமைப் பேரரசர் கான்ஸ்டன்டைன். 6ஆம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் அதை எடுத்துக் கட்டினார். பேரரசர்கள் கட்டிய அந்த ஆலயத்தின் வாசல் பிற்காலத்தில் பெரும்பகுதி அடைக்கப்பட்டு, இப்போது சுமார் நான்கடி உயரமே இருக்கிறது. தாழ்மையின் வாசல் என்று பெயர். உள்ளே போக யாராக இருந்தாலும் முதுகு வளைக்க வேண்டும்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் மேலகரம் வருகிறது, திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். 18ஆம் நூற்றாண்டில் அவர் பாடிய குற்றாலக் குறவஞ்சியில் குற்றாலநாதர் உலா வருகிறார். பந்தாடிக்கொண்டிருந்த வசந்தவல்லி அவரைக் கண்டு காதல் கொள்கிறாள். அப்போது கூடையும் மாத்திரைக்கோலுமாகக் குறத்தி சிங்கி வருகிறாள். தன் மலையின் வளம் பாடுகிறாள். கை பார்த்து, உன் தலைவர் உனக்குக் கிடைப்பார் என்கிறாள். பின்னால் அவள் கணவன் சிங்கன் கண்ணி வைத்துப் பறவை பிடிக்கிறான், காணாமல் போன சிங்கியைத் தேடுகிறான். மதுரை நாயக்க மன்னர் இதைக் கேட்டு மகிழ்ந்து நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்று பெயர். இந்த நூலில் கவனிக்க வேண்டியது ஒன்று. உலா வரும் தலைவர் வசந்தவல்லிக்குக் கிடைப்பாரா என்ற செய்தி புலவர் வாயிலிருந்து வருவதில்லை. நாடோடியாகத் திரியும் ஓர் ஏழைப் பெண் அதைச் சொல்கிறாள்.

இந்த இடத்தை வேதநாயகம் சாஸ்திரியார் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். 1774இல் திருநெல்வேலியில் பிறந்து, பன்னிரண்டு வயதளவில் ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரோடு தஞ்சாவூர் போனவர். அங்கே சுவார்ட்ஸின் பாதுகாப்பில் வளர்ந்த இன்னொரு மாணவர் பின்னாளில் மன்னரான இரண்டாம் சரபோஜி. 1800ஆம் ஆண்டளவில் சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். தலைவர் பெத்லகேம் நாதராகிய இயேசு. அவரைக் கண்டு மயங்கும் தேவமோகினி திருச்சபை. குறி சொல்லும் ஞானச் சிங்கி விசுவாசம். கண்ணி வைக்கும் ஞானச் சிங்கன் நற்செய்தி சொல்லும் போதகர். அவன் பிடிக்கும் பறவைகள் மனிதர்கள். சூரியனைக் கோள்கள் சுற்றிவரும் கோப்பர்நிக்கஸின் வானியலும், உலக நாடுகளின் பூகோளமும் அந்த நூலுக்குள் இருக்கின்றன. அவை அலங்காரத்துக்காகச் சேர்த்தவை என்று தோன்றவில்லை. முன்னணையில் கிடந்த பிள்ளையின் ஆளுகை எவ்வளவு பெரியது என்று காட்டக் கவிஞருக்கு அந்த வானம் முழுவதும் தேவைப்பட்டது.

அதே தஞ்சாவூரில் சரபோஜியைத் தலைவராக வைத்து இன்னொரு குறவஞ்சி எழுந்தது. கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் பாடிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சி அது; பெரிய கோயில் விழாவில் ஆடப்பட்டது. ஓர் ஊர், ஒரு காலம், ஒரே இலக்கிய வகை. ஒன்றின் தலைவர் அரண்மனையில் இருந்தார். மற்றதன் தலைவருக்குப் பிறக்க வீடு கிடைக்கவில்லை. குறத்தியின் பாட்டு இருவருக்கும் பொருந்தியது.

சாஸ்திரியாரைப் பற்றிச் சொல்ல வேண்டிய இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. தேவாலயத்துக்குள் சாதிவாரியாக உட்காரும் வழக்கத்தை மாற்ற இளைய மிஷனரிகள் முனைந்தபோது, அவர் அந்த வழக்கத்தின் பக்கம் நின்று விண்ணப்பங்கள் எழுதினார். 1833இல் பேராயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேற்றுமையை உடனடியாக, முற்றாக விட்டுவிட வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். தஞ்சாவூர்ச் சபை கொந்தளித்தது. பெத்லகேம் நாதரை அத்தனை அழகாகப் பாடியவருக்கும் முன்னணையின் முழுப் பொருளை ஏற்பது கடினமாக இருந்திருக்கிறது. அந்தப் பிறப்பை அழகான காட்சியாக மட்டும் வைத்துக்கொண்டால் யாருக்கும் தொல்லையில்லை. அதை ஓர் அரசரின் ஆணையாக எடுத்துக்கொண்டால், யார் முன்வரிசை, யார் பின்வரிசை என்ற கணக்கை அது கலைத்துவிடுகிறது. இந்தப் போராட்டம் தமிழ்நாட்டுத் திருச்சபைகளில் இன்னும் முடியவில்லை. திருநெல்வேலிச் சபைகளில் நடக்கும் அசன விருந்தில் ஊரார் கொடுத்த அரிசியும் காய்கறியும் பணமும் ஒன்றாகச் சேர்ந்து, ஒரே உலையில் வெந்து, ஒரே பந்தியில் பரிமாறப்படும்போது அந்த ஆணை நிறைவேறக் காணலாம்.

நம் கதைகளில் ராஜாக்கள் இரவில் மாறுவேடம் போட்டு நகர்வலம் போவார்கள். குறை கேட்டுவிட்டு விடிவதற்குள் அரண்மனை திரும்பி வேடத்தைக் கழற்றிவிடுவார்கள். பெத்லகேமை அப்படி எண்ணிக்கொள்கிறவர்கள் உண்டு. நற்செய்திகள் அதற்கு இடம் தரவில்லை. வளர்ந்த பின்னும் இயேசு வேடத்தைக் கழற்றவில்லை. எருசலேமுக்குள் அரசராக நுழைந்த நாளில் கழுதைமேல் வந்தார். குருத்தோலை ஞாயிறன்று பனங்குருத்தோடு நம் ஊர்களில் பவனி போவது அந்த நாளை நினைத்துத்தான். கடைசி இராவுணவில் சீடர்களின் காலைக் கழுவினார். பெரிய வியாழனன்று கத்தோலிக்கக் குருமார்கள் பங்கு மக்களின் காலைக் கழுவுகிறார்கள். உரோமை ஆளுநர் பிலாத்து, நீ அரசனா என்று கேட்டபோது, தம் அரசு இவ்வுலகத்துக்குரியதன்று என்றார். யூதரின் அரசர் என்ற பட்டம் எபிரேயம், இலத்தீன், கிரேக்கம் என மூன்று மொழிகளில் எழுதப்பட்டது. எழுதிய இடம் சிலுவை. முன்னணை முதல் சிலுவை வரை ஒரே விதமான ஆட்சி. போர்களும் சர்வாதிகாரங்களும் பெருகிய காலத்தில், 1925இல், திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் கிறிஸ்து அரசர் பெருவிழாவை ஏற்படுத்தினார். இப்போது அது திருவருகைக் காலத்துக்கு முந்திய ஞாயிறன்று வருகிறது. அரசரைக் கொண்டாடி முடித்த மறுவாரமே கிறிஸ்தவர்கள் குழந்தைக்காகக் காத்திருக்கத் தொடங்குகிறார்கள்.

ஆகவே உங்கள் கேள்விக்கு இந்த ஊரிலிருந்து எழுதக்கூடிய பதில் இது: தாழ்மை ஒருபக்கம், அரசு மறுபக்கம் என்று கிறிஸ்தவர்கள் பிரித்து வைத்துக்கொள்ளவில்லை. அவர் ஆளும் விதமே தாழ்மை என்கிறார்கள்.

அடுத்த கடிதம் காமநாயக்கன்பட்டியிலிருந்து வரும். சங்கரன்கோவில், கழுகுமலை வழியாகப் பேருந்து. வீரமாமுனிவர் பணியாற்றிய பரலோக மாதா கோயில் அங்கே இருக்கிறது. காப்பியத் தலைவர் என்றால் அரசராகவோ வீரராகவோ இருப்பார் என்று பழகிய தமிழில், அவர் 1726இல் முடித்த தேம்பாவணியில் தச்சர் சூசையைத் தலைவராக்கி 3615 பாடல்கள் பாடினார். தாவீது அரசரின் வழியில் வந்தவர் உளி பிடித்த கதையை அங்கிருந்து விரிவாக எழுதலாம். உங்கள் வீட்டில் தேம்பாவணிப் பிரதி இருந்தால், அந்தக் கடிதம் வருவதற்குள் பிறப்புப் பகுதியைப் படித்துவையுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பர்