லொறியின் மூச்சு

பழைய லொறி வாங்குவோர் முதலிற் பார்ப்பது பெயின்ற். அடுத்துப் பார்ப்பது மைல்மீற்றர். இவ்விரண்டும் விற்பவர் கையில் உள்ளவை. ஐந்து இலக்க மீற்றராயின் அதைத் திருப்பிவைக்கவும் வேண்டுவதில்லை. 99,999 கடந்ததும் தானே பூச்சியத்தில் வந்து நிற்கும். ஆதலின், நெடுந்தூரம் ஓடித் தேய்ந்த இயந்திரத்தை அறிய அதன் நெருக்கலை அளத்தலே வழி. கராச்சுக்காரர் இதனைக் 'கொம்பிறெசன்' என்பர்.

சைக்கிள் பம்பின் அடி சுடுவதேன் என்று பௌதிக வகுப்பில் நாம் படித்தோமல்லவா? றுடோல்வ் டீசல் 1897இல் அவுக்ஸ்பேர்க் நகரில் ஓட்டிக்காட்டிய இயந்திரத்தின் உயிர் அதுவே. தீப்பொறி தரும் பிளக் அதில் இல்லை. இன்றைய லொறிகளிற் காற்று 15 மடங்குக்கு மேல் நெருக்குண்டு, 500 பாகை செல்சியஸையும் கடந்து சூடேற, அதனுள் விசிறப்படும் எண்ணெய் தானே பற்றுகின்றது. றிங் தேய்ந்து காற்று ஒழுகினாற் சூடு போதாது. விடியற்காலையில் இயந்திரம் உயிர்பெற மறுத்து வெண்புகை கக்கும். "நீங்கள் வருவீர்களென்று சற்று ஓட்டிவைத்தேன்" என்று விற்பவர் உபசரிப்பாராயின், அவ்வுபசாரத்தை ஐயுறுக.

குளிரிற் பார்த்தபின், அளப்பதற்கு இயந்திரத்தைச் சூடாக்க வேண்டும். பற்றறி முழுவலியோடிருத்தல் அவசியம். மெல்லச் சுழன்றால் நல்ல இயந்திரமும் குறைவாகவே காட்டும். எண்ணெய் வரவை நிறுத்தி, குளோ பிளக்குகளையோ இன்ஜெக்ரர்களையோ முற்றாகக் கழற்றி, அத்துவாரத்தில் மானியைப் பூட்டி ஐந்தாறு முறை சுழற்றுக. பெற்றோல் காரின் மானி இதற்கு உதவாது. பல டீசல் இயந்திரங்களிற் சதுர அங்குலத்துக்கு 400 இறாத்தல் அளவில் எழும். திட்டமான எல்லை கைந்நூலில் உண்டு. நுவரெலியாவில் அளப்பின் ஐந்தில் ஒரு பங்கு குறையும். அது மலைக்காற்றின் மென்மையேயன்றி லொறியின் குற்றமன்று. தொகையினும் சிலிண்டர்களுக்கிடையேயுள்ள வேற்றுமையே பெரிது. அடுத்தடுத்த இரண்டு ஒருங்கே தாழ்ந்திருப்பின் கஸ்கெற்றை ஐயுறலாம். பெற்றோல் இயந்திரத்திற் செய்வதுபோல ஓயில் ஊற்றிச் சோதிப்பது இங்கே ஆகாது. டீசலிற் பிஸ்டனுக்கு மேலுள்ள இடம் மிகச் சிறிது; ஓயில் அதனை அடைத்துப் பொய்க் கணக்குக் காட்டும், மிகுந்தால் தண்டையும் வளைத்துவிடும்.

அண்மையில் நம் பழைய மாணவர் ஒருவர், தாயாரின் நகையை ஈடுவைத்த பணத்தோடு, நெல் ஏற்றவென ஒரு நான்கு சிலிண்டர் லொறியை வாங்க முற்பட்டார். உடன் சென்று அளந்தோம். 400, 395, 290, 390. நெல்மூடையோடு கடுகண்ணாவை ஏறும் வண்டி என்று உடைமையாளர் சினந்தார். ஏறியிருக்கலாம், மூன்று சிலிண்டரும் சூடுமாக எத்தனையோ லொறிகள் ஏறுகின்றன. மூன்றாவதன் பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, வால்வுகள் மூடியிருக்கக் காற்றுச் செலுத்தினோம். புகைக்குழாயில் ஒலியில்லை, காற்று உறிஞ்சும் வாயிலும் இல்லை, றேடியேற்றரிற் குமிழியும் எழவில்லை. ஓயில் ஊற்றும் வாயிற் செவிவைத்தபோது பாம்பு சீறுவதுபோற் கேட்டது. மாணவரையும் கேட்கச் செய்தோம். "கேட்குது ஐயா" என்றார்.

இயந்திரத்தைப் பிரித்து லைனரும் பிஸ்டனும் மாற்றும் செலவைக் கழித்து ஒரு விலை சொன்னோம். உடைமையாளர் இசைந்திலர். மாணவர் மறுநாள் நகையை மீட்டார். இப்பொழுது வேறொரு லொறி பார்க்கின்றார்.