எதிரூரில் ஒரு கூவல்

2022 டிசெம்பர் 23ஆம் நாள் இரவு, கொழும்பு பிரேமதாச விளையாட்டரங்கில், கொழும்பு ஸ்டார்ஸ் அணியின் ஆதரவாளர் நடுவே வாய்மூடி அமர்ந்திருந்தேன். லங்கா பிரீமியர் லீக் இறுதியாட்டம். துணுக்காயிற் பிறந்த எனக்கு ஜப்னா கிங்ஸ் மீது என்ன உரிமை? யாழ்ப்பாணத்தார் எம்மை வன்னியார் என்று வேறாக எண்ணுவதுமுண்டு. அது வேறு கதை. வடபுலத்தின் பெயரைத் தாங்கிய அணி அஃதொன்றே. அதன் தலைவர் திசர பெரேரா என்பதும் எனக்குக் குறையாகத் தோன்றவில்லை.

வேண்டியவை 164 ஓட்டங்கள். இரு விக்கெட்டுகளே எஞ்சியிருக்க வெற்றி கிட்டியதும், "வென்றுவிட்டோம்!" என்று தமிழிலேயே கூவிவிட்டேன். கூவிய பின்னரே நெஞ்சு திடுக்குற்றது. அருகிருந்த பெரியவர் திரும்பி நோக்கினார்.

"மல்லி, யாழ்ப்பாணமா?" என்று சிங்களத்தில் வினவினார்.

"இல்லை ஐயா, துணுக்காய்."

அவ்வூரை அவர் கேள்வியுற்றதில்லை. கையிலிருந்த கச்சான் சுருளை என்புறம் நீட்டி, "அஃது எங்கே?" என்றார். மாங்குளத்தில் இறங்கி மேற்கே செல்லவேண்டும் என வழி சொல்லத் தொடங்கினேன்.