மூக்கை நம்பாதீர்கள்!

நீச்சல் குளத்தருகே போனதும் ஒரு நெடி மூக்கைத் துளைக்கிறதல்லவா? "குளோரின் அதிகமாகிவிட்டது" என்று உடனே தீர்ப்புச் சொல்லி விடுகிறோம். வீட்டிலேயே குளம் வைத்திருக்கும் என் சிநேகிதி, குழந்தையின் கண் சிவந்ததைக் கண்டு குளோரின் போடுவதையே நிறுத்தி விட்டாள். பாவம், அவளுக்குத் தெரியாது: வியர்வை, சிறுநீர் முதலியவற்றோடு சேர்ந்து குளோரின் சக்தி இழந்ததற்கு அடையாளம்தான் அந்த நெடி. நிறுத்தினால் கிருமிகளுக்குக் கொண்டாட்டம்!

பின் என்ன செய்வது? சோதனைக் காகிதத்தை நனைத்து நிறத்தைப் பாருங்கள். முதலில் பி.எச். அளவு, அது 7.2-க்கும் 7.8-க்கும் நடுவே நிற்கட்டும். அதற்கு மேலே ஏறினால் குளோரின் சோம்பேறியாகிவிடும். தண்ணீர் 10 லட்சம் பங்கென்றால், குளோரின் 1 முதல் 3 பங்கு போதும். வெயில் அதைத் தின்றுவிடுமாகையால் அந்தி வேளையில் சேர்ப்பதே சிக்கனம். ஆனால் ஒன்று: ஆசிட்டையும் குளோரினையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள், கிளம்புவது நச்சு வாயு!

ரசத்துக்கு உப்புப் பார்க்க நம் நாக்குப் போதும். குளத்துக்கு மூக்குப் போதாது, சகோதரிகளே! குழந்தைகள் குதிக்குமுன் காகிதம் ஒரு முறை குதிக்கட்டும்.