பழவேற்காட்டில் கற்ற நூல் பாடம்

உங்கள் கையால் பின்னிய பொருளொன்றை நீங்கள் யாருக்கேனும் பரிசளித்ததுண்டா? அளித்திருந்தால், அதைப் பெற்றவரின் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சியையும் கண்டிருப்பீர்கள். அந்த மகிழ்ச்சியைக் காணும் ஆசையில் நான் செய்த தவறொன்றையும், அதன் காரணத்தை எனக்கு உணர்த்திய ஊரொன்றையும் பற்றி உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

என் வாப்பாவுக்குப் பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். பாதங்களில் உணர்ச்சி குறைந்துவிட்டது. வெறுங்காலுடன் நடக்கவே கூடாது, காலணிக்குள் தளர்ந்த காலுறை அணிய வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அப்போதுதான் பின்னல் கற்றுக்கொண்டிருந்த நான், அந்தக் காலுறையை நானே பின்னித் தருவதென்று முடிவு செய்தேன். கடைக்குப் போனேன். பளபளக்கும் கருநீல நூற்கண்டு என் கண்ணைக் கவர்ந்தது. 'உல்லன்' என்று கேட்டேன். 'உல்லன்' என்றே கொடுத்தார்கள். அது ஆட்டு ரோமமா, அக்ரிலிக்கா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. பின்னும்போது ஒரு கண்டு தீர்ந்தது. அடுத்ததன் நுனியை முடிச்சுப் போட்டு இணைத்தேன். அந்த முடிச்சு குதிகாலுக்கு நேராக, உட்புறத்தில் அமர்ந்தது.

வாப்பா மகிழ்ச்சியோடு மூன்று நாட்கள் அணிந்தார்கள். முடிச்சு உறுத்தியது அவர்களுக்குத் தெரியவில்லை. குதிகாலில் கொப்புளம் கண்டு உடைந்தது. கருநீல நூலில் கசிவின் கறையும் தெரியவில்லை. அந்தப் புண் ஆற இரண்டு மாதங்களாயின. அதன்பின் பின்னல் ஊசியை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

புண் ஆறியதும் வாப்பா பிறந்த ஊரைப் பார்க்க ஆசைப்பட்டார்கள். சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் செல்லும் மின்சார ரயிலில் ஏறிப் பொன்னேரியில் இறங்கினோம். அங்கிருந்து பேருந்து. வயல்வெளிகள் மெல்ல மெல்ல ஒதுங்கி, காற்றில் உப்பு மணம் கலக்கத் தொடங்கினால் பழவேற்காடு வந்துவிட்டதென்று பொருள். ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. இதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தில் பரந்திருக்க, தென்முனையில் பொன்னேரி வட்டத்து மீனவக் குப்பங்கள் நீரை ஒட்டி அமைந்துள்ளன.

படகுத்துறையருகே பெரியவர் ஒருவர் கிழிந்த வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார். வாப்பா அவரருகே அமர்ந்து பழங்கதை பேசத் தொடங்கினார்கள். நான் அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நூல் சுற்றிய ஊசி ஒவ்வொரு கண்ணாக ஏறி இறங்கியது. அவரருகே மூன்று விதமான நூல்கள் கிடந்தன.

"இவற்றில் நல்ல நூல் எது, ஐயா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "எந்த மீனுக்கு என்று சொல்லாமல் அதை எப்படியம்மா சொல்வது? இறாலுக்கு ஒரு நூல், மடவைக்கு ஒரு நூல், நண்டுக்கு ஒரு நூல். தடித்த நூலானால் மீன் கண்டு விலகிவிடும். மெல்லியதானால் அறுத்துக்கொண்டு போய்விடும். மீனைத் தெரிந்துகொண்டுதான் நூலைத் தேட வேண்டும்."

அவருடைய சிறுவயதில் வலைகள் பருத்தி நூலாலும் சணல் நூலாலும் ஆனவையாம். உப்பு நீரில் அவை விரைவில் இற்றுப்போகும். ஆகவே மரப்பட்டையை வேகவைத்த சாயத்தில் தோய்த்து, நாள்தோறும் வெயிலில் உலர்த்துவார்களாம். நைலான் வந்த பிறகு அந்தப் பாடு தீர்ந்தது. ஆனால், நீரில் தொலைந்த நைலான் வலை மக்குவதில்லை. ஆளில்லாமலேயே மீனையும் நண்டையும் பிடித்துக்கொண்டிருக்கும் என்று அவரே வருந்தினார்.

இங்கே ஒரு செய்தி உங்களுக்கு வியப்பளிக்கலாம். இன்று வலையாகக் கடலில் மிதக்கும் இந்த நைலான், உலகில் முதன்முதலில் பேர்பெற்றது காலுறையாகத்தான்! 1938ஆம் ஆண்டில் பல்துலக்கியின் தூரிகை இழையாக விற்பனைக்கு வந்த நைலான், 1940ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்கா முழுவதும் பெண்களின் நீண்ட காலுறையாகக் கடைகளுக்கு வந்தது. வலைக்கு வந்தது அதற்குப் பின்னர்தான்.

நண்பகல் உணவுக்கு மாமியின் வீட்டுக்குச் சென்றோம். பழவேற்காட்டு முஸ்லிம் பெண்கள் பனையோலைப் பின்னலில் பெயர்பெற்றவர்கள். மூடியுள்ள பெட்டிகளும் வண்ணக் கூடைகளும் அவர்களுடைய கைகளில் உருவாகின்றன. குருத்தோலையை உலர்த்தி, நார் போல வகிர்ந்து, சாயமேற்றிப் பின்னுகிறார்கள். மாமியின் பேத்தி அன்றுதான் கற்கத் தொடங்கியிருந்தாள். அவள் கையில் அகலமான, சாயமேற்றாத ஓலை இருந்தது. "ஏன் மாமி, அவளுக்கு வண்ண ஓலை தரவில்லை?" என்றேன். "முதலில் அவளுடைய கண்ணுக்குப் பின்னல் தெரிய வேண்டுமே! மெல்லிய ஓலையில் தவறு செய்தால் எங்கே தவறினோம் என்றே தெரியாது" என்றார்கள். கருநீல நூலில் கண்ணை வருத்திக்கொண்டு பின்னிய என் இரவுகள் நினைவுக்கு வந்தன.

மாலையில் டச்சுக்காரரின் கோட்டை இருந்த இடத்தைப் பார்த்தோம். 1613ஆம் ஆண்டில் எழுந்த கெல்டிரியா கோட்டை இன்று புதர்களிடையே சிதைந்து கிடக்கிறது. டச்சுக்காரர்கள் இங்கே நிலைகொண்டதற்குக் காரணமும் நூல்தான். சோழமண்டலக் கரையின் துணிகளைக் கொண்டுபோய்க் கொடுத்துத்தான் இந்தோனேசியத் தீவுகளின் வாசனைப் பொருட்களை அவர்கள் வாங்கினார்கள். மலேசியாவில் உறவினர் உள்ள சகோதரிகள் கேட்டுப் பாருங்கள். கட்டம் போட்ட கைலியை அந்நாட்டார் 'காயின் பெலிக்காட்' என்பார்கள். புலிக்காட் என்று வெளிநாட்டார் அழைத்த நம் பழவேற்காட்டின் பெயரே அது. இன்று கைலித் தறிகளுக்குப் பேர்பெற்றவை குடியாத்தம், குறிஞ்சிப்பாடி போன்ற ஊர்கள். பெயர் மட்டும் பழவேற்காட்டினுடையது.

கைலி வாங்கும் நம் வீட்டு ஆண்கள் 60 நம்பர், 80 நம்பர், 100 நம்பர் என்று கேட்பதை அறிவீர்கள். ஒரு பவுண்டு எடையுள்ள பருத்தி நூலில் 840 கெஜச் சிட்டங்கள் எத்தனை உள்ளனவோ, அதுவே அந்த எண். ஆகவே எண் கூடக் கூட நூல் மெலியும். நைலானின் 'டெனியர்' கணக்கோ நேர்மாறானது. 9000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ, அதுவே டெனியர். அதில் எண் கூடினால் நூல் தடிக்கும். எண்ணின் பொருள் தெரியாமல் நூல் வாங்குவோர் ஏமாறுவது இதனால்தான்.

வீடு திரும்பியதும் அலமாரியைத் திறந்தேன். பெரியவர் சொன்னபடி, 'எந்தக் காலுக்கு?' என்பதிலிருந்து தொடங்கினேன். நான் கற்றவற்றைக் காலுறை பின்னத் தொடங்கும் உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலாவது, நூலின் இனம். காலுறைக்கு நூல் நீண்டு மீள வேண்டும். ஆட்டு ரோமத்துக்கு அந்தக் குணம் உண்டு; வியர்வையையும் உறிஞ்சும். பருத்தி மென்மையானதே, ஆனால் நெகிழ்ந்தால் மீளாது, தளர்ந்து சுருக்கம் விழும். அக்ரிலிக் வியர்வையை உறிஞ்சுவதில்லை. தனி ரோமமோ குதியிலும் விரல் நுனியிலும் விரைவில் தேய்ந்துபோகும். எனவேதான் காலுறைக்கென்று விற்கும் நூலில் பெரும்பாலும் நூற்றுக்கு 75 பங்கு ரோமமும் 25 பங்கு நைலானும் கலந்திருக்கும். இழைகள் இறுக முறுக்கப்பட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். தளர்ந்த முறுக்கு கைக்கு இதமாக இருக்கும், காலில் நிலைக்காது.

கடைக்காரர் சொல்வதை உறுதி செய்ய எளிய வழியொன்று உண்டு. ஒரு விரல் நீளத் துண்டை இடுக்கியால் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் கவனமாகக் கொளுத்துங்கள். ரோமமானால் தலைமுடி கருகும் நாற்றம் எழும், சாம்பல் பொடியாகும். பருத்தியானால் காகிதம் எரியும் மணம் வரும். அக்ரிலிக் உருகிக் கடினமான மணியாக உறையும். கலப்பு நூலில் இரண்டு அடையாளங்களும் சேர்ந்து தெரியும்.

இரண்டாவது, தடிப்பு. காலுறைக்கு வழக்கமான நான்கு பிளை நூலில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 400 மீட்டர் இருக்கும். பெரியவர் ஒருவரின் ஒரு ஜோடிக்கு அது போதும். ஆனால் அதைப் பின்ன இரண்டரை மில்லிமீட்டர் அளவுள்ள மெல்லிய ஊசி வேண்டும், பொறுமையும் வேண்டும். முதல் ஜோடியை எட்டு பிளை நூலில், சற்றுத் தடித்த ஊசியில் பின்னுங்கள். மாமியின் பேத்திக்கு அகல ஓலை கொடுத்ததும் இதற்காகவே. பழகிய கை பிறகு தானாக மெல்லிய நூலுக்குப் போகும்.

மூன்றாவது, நிறம். வெளிர் நிறமே எடுங்கள். கண்ணிகள் தெளிவாகத் தெரியும், தவறினால் உடனே திருத்தலாம். சர்க்கரை நோயுள்ளவர் அணிவதானால் இதில் வேறொரு நன்மையும் உண்டு. கால் எங்கேனும் கசிந்தால் முதலில் சொல்வது காலுறையின் கறைதான். தேவையான கண்டுகள் அனைத்தையும் ஒரே சாயத் தொகுதி எண்ணில் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

நான்காவது, முன்னோட்டம். பத்து சென்டிமீட்டர் சதுரத் துண்டு ஒன்றைப் பின்னி, துவைத்து, உலர்த்திப் பிறகு அளந்து பாருங்கள். சுருங்கும் நூலா, சாயம் போகும் நூலா என்பது அதிலேயே தெரிந்துவிடும். அந்தத் துண்டை மணிக்கட்டின் உட்புறத்தில் தேய்த்துப் பாருங்கள். அங்கே அரித்தால் காலிலும் அரிக்கும்.

கடைசியாக, முடிச்சு. வலைக்கு முடிச்சுதான் உயிர். காலுறைக்கு அது பகை. பழைய நூலையும் புதிய நூலையும் சிறிது தூரம் சேர்த்துப் பின்னி, நுனிகளைப் பாதத்தின் மேற்புறத்தில் மறைத்துவிடுங்கள். மேல்விளிம்பில் இறுக்கமான ரப்பர் கோக்காதீர்கள். காலுறை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், உணர்ச்சி குறைந்த பாதங்களை நாள்தோறும் வீட்டிலுள்ள ஒருவர் பார்த்தேயாக வேண்டும். அந்த வேலையை எந்த நூலும் செய்யாது.

இரண்டாம் முறை நான் பின்னியது பால் நிறக் காலுறை. சில கண்ணிகள் ஒன்றுபோல் இல்லை. வாப்பாவிடம் கொடுத்தேன். அவர்கள் உடனே அணியவில்லை. உள்புறத்தை வெளியே திருப்பி, பழவேற்காட்டுப் பெரியவர் வலையைத் தடவியதைப் போலவே, குதிகாலிலிருந்து நுனிவரை விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்தார்கள்.

"முடிச்சு இல்லையே, மகளே" என்றார்கள். அதன்பிறகே அணிந்தார்கள். இப்போது ஒவ்வோர் இரவும் அவர்களுடைய பாதங்களை நான் பார்க்கிறேன்.