ஆர்.எக்ஸ். 100-ல் தினமும் வேலைக்குப் போகலாமா? நெட்டப்பாக்கம் சாலை சொல்லும் கணக்கு!

காலை ஏழு மணிக்கு மேல் நெட்டப்பாக்கம் பஸ் ஸ்டாப்பில் நின்றால் போதும், புதுச்சேரிக்கு வேலைக்குக் கிளம்பும் பாதி ஊரைப் பார்த்துவிடலாம். ஜவுளிக்கடைக்குப் போகிற பெண்கள், ஷிஃப்ட்டுக்கு ஓடுகிற பையன்கள், லஞ்ச் பேக்கை டேங்க் மேல் வைத்திருக்கும் கொத்தனார்கள். நடுவில் எங்கிருந்தோ ஒரு சத்தம் வரும். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பார்க்காமலே சொல்லிவிடுவார்கள், "ஆர்.எக்ஸ். வருது!"

பி.ஒய். நம்பர் பிளேட் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வருவது சொகுசு கார்கள்தான். சாலை வரி குறைவு என்பதால் கோடி ரூபாய் கார்களைப் புதுச்சேரி முகவரியில் பதிவு செய்து, கேரளாவில் ஓட்டிய விவகாரம் 2017-ல் பெரிய செய்தியானது. அந்தக் கார்கள் நெட்டப்பாக்கம் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்காது. இந்த ஊருக்கு ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அது இரண்டு சக்கரத்தில்தான் வந்தது.

யமஹா ஆர்.எக்ஸ். 100 இந்தியாவில் 1985 முதல் 1996 வரை தயாரானது. 98 சிசி, டூ ஸ்ட்ரோக் இன்ஜின், 11 குதிரைசக்தி, நான்கு கியர். வண்டியின் எடையோ நூறு கிலோவை ஒட்டித்தான். அதே 1985-ல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100-க்கும் ஏறக்குறைய இதே சிசிதான். ஆனால் சக்தி ஏழு சொச்சம். ஒன்று மைலேஜுக்குப் பிறந்தது, இன்னொன்று பறப்பதற்கு. பறப்பதற்குப் பிறந்ததை முப்பது வருஷம் கழித்துத் தினமும் வேலைக்கு ஓட்டலாமா? அப்பா வாங்கிய வண்டி ஒன்று வீட்டுத் தாழ்வாரத்தில் நிற்கும் பல குடும்பங்களில், மகன் வேலைக்குச் சேர்ந்ததும் எழுகிற கேள்வி இது. அம்மாவின் ஓட்டு எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

முதலில் சாலையைப் பார்ப்போம். மடுகரையில் தொடங்கி நெட்டப்பாக்கம், ஏம்பலம், கரிக்கலாம்பாக்கம் வழியாக அரியாங்குப்பம் போகிறது. இருபுறமும் நெல்லும் கரும்பும். புதுச்சேரி என்பது ஒரே துண்டு நிலம் கிடையாது. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன எல்லைக்கோடு வயலுக்குள் புகுந்து புகுந்து வரும். நடுநடுவே தமிழ்நாட்டு ஊர் தலைகாட்டும். 1954 மார்ச் இறுதியில் பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராக எழுந்து, எதுவார் குபேர் தலைமையில் தற்காலிக அரசு அமைந்த ஊர் இதே நெட்டப்பாக்கம்தான். அந்தக் கோட்டால் இன்றைக்கு வண்டி ஓட்டுபவருக்கு ஒரு லாபம் உண்டு. பெட்ரோல் தமிழ்நாட்டைவிடச் சில ரூபாய் குறைவு.

குறைவு என்றாலும் கணக்கு உதைக்கிறது. டவுனுக்குப் போய்வர சுமார் 50 கிலோமீட்டர். நல்ல கண்டிஷனில் உள்ள ஆர்.எக்ஸ். லிட்டருக்கு 35 கொடுத்தால், தினம் ஒன்றரை லிட்டர் காலி. 60 கொடுக்கும் புது 100 சிசி வண்டிக்கு முக்கால் லிட்டருக்குச் சற்று மேல் போதும். மாதம் 25 நாள் என்றால், பெட்ரோலிலேயே ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வரை வித்தியாசம். 2டி ஆயில் தனி.

ஆனால், நிறுத்தியே வைத்தாலும் வண்டி கெடும். கார்புரேட்டரில் பெட்ரோல் காய்ந்து பிசினாகிவிடும், ஆயில் சீல் இறுகிவிடும். எத்தனால் கலந்த இப்போதைய பெட்ரோல் பழைய ரப்பர் டியூபுகளுக்கு ஆகாது. டேங்க்கிலேயே விட்டுவைத்தால் ஈரத்தையும் இழுக்கும். அதனால் ஆர்.எக்ஸ். அடிக்கடி ஓட வேண்டும். எங்கே ஓட வேண்டும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஏம்பலம் வரை காலி ரோட்டில் மூன்றாவது, நான்காவது கியரில் போனால் இன்ஜினுக்கு ஆனந்தம். அரியாங்குப்பம் தாண்டி டவுன் டிராஃபிக்கில் முதல் கியரில் ஊர்ந்தால், பிளக்கில் கரி பிடித்து நடுரோட்டில் நின்றுவிடும். பின்னால் நிற்கும் பஸ்காரர் ஹாரன் அடிக்க, கிக்கரை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் பிரேக். இரண்டு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்கும் 125 சிசி வரையிலான வண்டிகளுக்கு, ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரமும் பிடிக்கும் வசதி கட்டாயம். அதற்கு மேல் சிசி உள்ளவற்றுக்கு ஏ.பி.எஸ். ஆர்.எக்ஸில் இரண்டுமே கிடையாது. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் ஆபத்தைக் கண்டு பிரேக்கைத் தொடும் ஒரு விநாடிக்குள், வண்டி 16 மீட்டர் ஓடியிருக்கும். கரும்பு வெட்டும் சீசனில், பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லர் இருட்டில் நின்றிருந்தால் அந்த 16 மீட்டர்தான் உயிர். பழைய ஹெட்லைட்டின் மஞ்சள் வெளிச்சத்தில் டிராக்டர் தெரியும்போது, கரும்பு முகத்துக்கு நேரே இருக்கும்.

ஆகவே மடுகரை சந்தைக்கும், வயலுக்கும், ஞாயிற்றுக்கிழமை சுற்றலுக்கும் ஆர்.எக்ஸ். தாராளமாகப் போகட்டும். நைட் ஷிஃப்ட் முடிந்து திரும்பும் பிள்ளைக்கு வேண்டாம். இந்த விஷயத்தில் அம்மாக்கள் சொல்வதே சரி.

வைத்துக்கொள்வது என்று முடிவானால், பேப்பர் பக்காவாக இருக்க வேண்டும். டெல்லியைப் போல 15 வருஷ பெட்ரோல் வண்டிக்கு இங்கே தடை இல்லை. ஆனால், ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். 20 வருஷம் தாண்டிய டூவீலருக்கு அந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்ட்டில் 2,000 ரூபாயாக உயர்த்திவிட்டார்கள். புகைச் சான்றிதழும் தேவை. 2000 மார்ச்சுக்கு முந்தைய வண்டிகளுக்குப் புகை வரம்பு கொஞ்சம் தளர்வுதான் என்றாலும், சைலன்சரில் கரி அடைத்திருந்தால் அதிலும் தேற முடியாது.

புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நல்ல ஆர்.எக்ஸுக்கு இன்று லட்ச ரூபாய்க்கு மேலும் விலை சொல்கிறார்கள். பெயின்ட் பளபளப்பைப் பார்த்து மயங்காமல், சேஸிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் ஆர்.சி.யோடு வைத்து ஓர் எழுத்து விடாமல் ஒப்பிட வேண்டும். ஒரு வண்டியின் இன்ஜின், இன்னொன்றின் சேஸிஸ், புதுப்பேட்டை டேங்க் என்று மூன்றைச் சேர்த்து ஒன்றாக்கியவையும் சந்தையில் உண்டு.